டூசன்பர்க் மாடல் ஜே: ஒரு காருக்கு எத்தனை பிறந்த ஆண்டுகள்?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் டூசன்பர்க் நிறுவனம் மாடல் ஜே என்னும் சொகுசுக் காரை 1928 முதல் 1937 வரை தயாரித்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. அப்படியிருக்க, ஒரே காரை ஓர் இடத்தில் 1930ஆம் ஆண்டுக் கார் என்றும் வேறோர் இடத்தில் 1934ஆம் ஆண்டுக் கார் என்றும் எழுதுவது ஏன்? அத்தனை ஆண்டுகளிலும் அதன் முகப்பும் எஞ்சினும் ஏறக்குறைய மாறாமலே இருந்தது ஏன்? எண்ணிக்கையில் ஐந்நூறைக்கூட எட்டாத ஒரு கார் இன்றுவரை இவ்வளவு மதிப்புடன் பேசப்படுவது ஏன்?

மூன்று கேள்விகளுக்கும் அடிப்படையான விடை ஒன்றுதான். மாடல் ஜே ஆண்டுதோறும் புதிதாகத் தயாரிக்கப்பட்ட கார் அன்று. அதன் எஞ்சின்களிலும், சேசிஸ் எனப்படும் அடிச்சட்டங்களிலும் பெரும்பகுதி 1929, 1930 ஆகிய இரண்டே ஆண்டுகளில் செய்து முடிக்கப்பட்டுவிட்டன. வாங்குபவர் கிடைக்கக் கிடைக்க அவற்றின் மேல் பாடி கட்டி விற்றுத் தீர்ப்பதற்குத்தான் எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் தேவைப்பட்டன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் காரின் வரலாற்றில் குழப்பமாகத் தெரிவது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

டூசன்பர்க் சகோதரர்கள் ஜெர்மனியின் லிப்பே பகுதியில் பிறந்தவர்கள். மூத்தவர் ஃபிரெட் 1876இலும் இளையவர் ஆகஸ்ட் 1879இலும் பிறந்தனர். 1885இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அயோவா மாநிலத்தில் குடியேறியது. ஃபிரெட் முறையான பொறியியல் கல்வி பெற்றவர் அல்லர். சைக்கிள் செய்து, சைக்கிள் பந்தயம் ஓட்டி, பிறகு கார்களின் பக்கம் வந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் சகோதரர்கள் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை அமைத்து மாடல் ஏ என்ற காரை விற்றனர். வரிசையாக நிற்கும் எட்டு சிலிண்டர்கள், நான்கு சக்கரங்களிலும் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக் ஆகிய இரண்டையும் அமெரிக்க விற்பனைக் கார்களில் முதலில் கொண்டுவந்தது அந்த வண்டிதான். 1921 ஜூலையில் பிரான்சின் லே மான்ஸ் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி டூசன்பர்க் காரை ஓட்டி வென்றார்; ஐரோப்பியக் கிராண்ட் பிரீ ஒன்றை ஓர் அமெரிக்கக் கார் வென்றது அதுவே முதல் முறை. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் வென்றவையும் டூசன்பர்க் கார்களே. 1925இல் பீட்டர் டிபாவோலோ அந்தப் பந்தயத்தை மணிக்கு 101 மைல் சராசரி வேகத்தில் முடித்தார்; அங்கு நூறு மைல் சராசரியைக் கடந்த முதல் வெற்றி அது.

பந்தயத்தில் பெயர் வந்ததே தவிரக் கல்லாவில் பணம் சேரவில்லை. மாடல் ஏ சுமார் 650 வண்டிகளோடு நின்றது; நிறுவனம் 1924இல் கடன் தாங்காமல் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ்ப் போனது. சகோதரர்களுக்கு எஞ்சின் செய்யத் தெரிந்த அளவுக்கு வணிகம் செய்யத் தெரியவில்லை என்பதை அவர்களை மிகவும் மதிப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இங்குதான் எரட் லாபன் கோர்டு வருகிறார். 1924இல் இண்டியானா மாநிலத்தின் ஆபர்ன் கார் நிறுவனத்துக்கு அவர் வந்தபோது, அங்கே விற்காத கார்கள் நூற்றுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அவற்றுக்குப் பளிச்சென்ற வண்ணம் அடித்து, நிக்கல் பூச்சுப் பாகங்களைப் பூட்டி, அத்தனையையும் விற்றுக் காட்டினார். எஞ்சினைத் தொடாமல் தோற்றத்தை மாற்றியே வண்டியை விற்க முடியும் என்று அப்போது அவர் கற்ற பாடத்தைப் பின்னாளில் மாடல் ஜேயின் கதையிலும் காணலாம். 1926இல் கோர்டு டூசன்பர்க் நிறுவனத்தை வாங்கினார். அவர் விலை கொடுத்தது தொழிற்சாலைக்கன்று, ஃபிரெட்டின் மூளைக்கும் பந்தயக் களத்தில் அந்தப் பெயருக்கு இருந்த மரியாதைக்கும். உலகின் மிகச் சிறந்த காரைச் செய்து கொடுங்கள், செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதே ஃபிரெட்டுக்கு அவர் இட்ட பணி. எதைச் செய்தாலும் பணமில்லாமல் பாதியில் நிறுத்தியே பழகிய ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைத்திருக்க முடியாது.

1928 டிசம்பர் 1ஆம் நாள் நியூயார்க் கார் கண்காட்சியில் மாடல் ஜே அறிமுகமானது. அன்று மற்ற நிறுவனங்களை நிலைகுலைய வைத்தது அதன் எஞ்சின்தான். 420 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.9 லிட்டர் கொள்ளளவு. வரிசையாக எட்டு சிலிண்டர்கள். மேலே, வால்வுகளைத் திறந்து மூட, இரண்டு கேம் ஷாஃப்டுகள். சிலிண்டருக்கு நான்கு வீதம் 32 வால்வுகள். இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் இரட்டைக் கேம் ஷாஃப்டும் நான்கு வால்வும் இருப்பதால் இதன் அருமை நமக்கு உடனே புலப்படாது. 1928இல் இவை பெரும்பாலும் பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் காணக்கூடிய அமைப்புகள். நிறுவனம் அறிவித்த திறன் 265 குதிரைத்திறன். அப்போது அமெரிக்காவில் விற்ற வேறெந்தக் காரின் திறனும் இதில் பாதியைத் தாண்டவில்லை. அந்த 265 என்ற எண் சற்றுக் கூட்டிச் சொல்லப்பட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நூற்றுக்குப் பத்து, இருபது குறைத்துக் கணக்கிட்டாலும் போட்டியாளர்கள் எவரும் அருகில் வரவில்லை என்பதே என் கருத்து. நிறுவனம் சொன்ன உச்ச வேகம் மணிக்கு 116 மைல். இரண்டாம் கியரிலேயே 89 மைல்.

எஞ்சினை வடிவமைத்தவர் ஃபிரெட்; வார்த்துக் கடைந்து கொடுத்தது பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் இருந்த லைகமிங் நிறுவனம். அதுவும் கோர்டு வாங்கி வைத்திருந்த நிறுவனமே. பச்சை வண்ணம் பூசப்பட்ட அந்த நீளமான எஞ்சினுக்குள் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றி, எட்டு சிலிண்டர்களுக்கு நீளும் கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது முறுக்கிக்கொண்டு அதிரும்; அந்த அதிர்வு பயணிகளுக்குத் தொல்லை, உலோகத்துக்கும் ஆபத்து. ஃபிரெட் அந்த ஷாஃப்டிலேயே பாதரசம் அடைத்த இரண்டு குப்பிகளைப் பொருத்தினார். முழுவதும் நிரப்பாமல் சிறிது இடம் விட்டு அடைக்கப்பட்ட அந்தப் பாதரசம், ஷாஃப்ட் முறுக்கும்போது உள்ளே அலைந்து அதிர்வின் விசையைத் தானே வாங்கிக்கொள்ளும். ஓட்டுபவர் கண்ணில் ஒருநாளும் படாத ஓர் இடத்தில் இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்.

டேஷ்போர்டில் இருந்தவற்றையும் சொல்ல வேண்டும். 150 மைல் வரை குறித்த வேகமானி, எஞ்சின் சுழற்சி காட்டும் கருவி, பிரேக் அழுத்தம் காட்டும் கருவி, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும் உயரமானி, நேரம் அளக்க நிறுத்துக் கடிகாரம் ஆகியவற்றோடு சிறு விளக்குகளும் வரிசையாக இருந்தன. பானெட்டுக்கு உள்ளே ஒரு சிறிய பல்சக்கரப் பெட்டி எஞ்சினோடு சேர்ந்து சுழன்று, கார் ஓடிய தூரத்தைத் தானே கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 75 மைலுக்கு ஒருமுறை அது ஒரு பம்பை இயக்கிச் சேசிஸின் மூட்டுகளுக்கெல்லாம் மசகு எண்ணெய் செலுத்தும். அப்போது ஒரு விளக்கு எரியும். எண்ணெய்த் தொட்டி வற்றினால் வேறொரு விளக்கு. 700 மைல் ஓடியதும் எஞ்சின் ஆயிலை மாற்றச் சொல்லி ஒரு விளக்கு, 1,400 மைலில் பேட்டரியின் நீர்மட்டத்தைப் பார்க்கச் சொல்லி இன்னொன்று. மின்னணுக் கருவிகள் பிறப்பதற்கு முன்பே, வெறும் பல்சக்கரங்களைக் கொண்டு இன்றைய கார்களின் பராமரிப்பு எச்சரிக்கை முறையை ஃபிரெட் செய்துவிட்டார். மாடல் ஜே என்றதும் எல்லோரும் வேகத்தைப் பேசுகிறார்கள். எனக்கோ ஃபிரெட் எப்படிப்பட்ட பொறியாளர் என்பதைக் காட்டுவது இந்தப் பெட்டிதான்.

இப்போது விற்பனை முறைக்கு வருவோம், ஏனெனில் ஆண்டுக் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம்மூரில் பேருந்து வாங்குபவர் சேசிஸை மட்டும் நிறுவனத்திடம் வாங்கிப் பட்டறையில் பாடி கட்டிக்கொள்வதைப் போலவே, அக்காலச் சொகுசுக் கார்களும் சேசிஸாகத்தான் விற்றன. மாடல் ஜே சேசிஸின் தொடக்க விலை 8,500 டாலர். சிறிது காலத்தில் அது 9,500 ஆனது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 142.5 அங்குலம் கொண்டது, 153.5 அங்குலம் கொண்டது என இரண்டு அளவுகள் இருந்தன. ரேடியேட்டர் கூடு, முகப்பு விளக்குகள், முன் மட்கார்டுகள், வில்போல வளைந்த இரட்டைப் பட்டை பம்பர், டேஷ்போர்டு எல்லாம் சேசிஸோடு தொழிற்சாலையிலிருந்தே வரும். அந்த முகப்பை வடிவமைத்தவர் ஆலன் லீமி என்னும் இளைஞர். அதற்குப் பின்னால் அமைவது அனைத்தும் வாங்குபவரின் விருப்பம்: கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் மர்ஃபி, பென்சில்வேனியாவில் டெர்ஹம், நியூயார்க்கில் ரோல்ஸ்டன், இன்னும் லெபாரன், ஜட்கின்ஸ், வில்லோபி என்று பல பட்டறைகள் பாடி கட்டிக் கொடுத்தன. இவற்றுள் மிகுதியான மாடல் ஜே பாடிகளைக் கட்டியது மர்ஃபி பட்டறை. பாடியும் சேர்ந்தால் காரின் விலை சாதாரணமாக 13,000 டாலரிலிருந்து 19,000 டாலர் வரை போகும். அதே காலத்தில் ஃபோர்டு மாடல் ஏ காரை ஏறத்தாழ 500 டாலருக்கு வாங்க முடிந்தது.

ஆண்டுக்கு 500 கார்களை விற்கலாம் என்பது கோர்டின் கணக்கு. அந்த நம்பிக்கையில்தான் லைகமிங்கில் எஞ்சின்களும் இண்டியானாபொலிஸில் சேசிஸ்களும் மொத்தமாகத் தயாராயின. வாங்கியவர் கைக்கு முதல் கார்கள் போய்ச் சேர 1929 மே மாதம் ஆகிவிட்டது. அடுத்த ஐந்து மாதங்களில், அக்டோபரில், நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1929இல் சுமார் 200 கார்கள் முடிந்தன, 1930இல் மேலும் சுமார் 100. அதற்குப் பிறகு விற்பனை சொட்டுச் சொட்டாகத்தான் நடந்தது. கடைசியில் மொத்தக் கணக்கு 481 என்று நின்றது. ஓர் ஆண்டுக்கென்று திட்டமிட்ட எண்ணிக்கையை முழு ஆயுட்காலத்திலும் எட்டவில்லை.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது மற்ற நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. ஆண்டுக்கு ஆண்டு தோற்றத்தை மாற்றி வாங்குபவரை இழுத்தன. 1930 ஜனவரியில் 16 சிலிண்டர் எஞ்சினோடு வந்த காடிலாக், மாடல் ஜேயைவிட மிகக் குறைந்த விலையில், முதல் ஆண்டிலேயே இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. டூசன்பர்க் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. ஆண்டு மாடல் என்ற வழக்கத்தையே அது ஏற்கவில்லை. 1929இல் செய்த சேசிஸ் 1933இல் விற்கும்போது பழையதாகத் தோன்றக் கூடாது என்றால், 1929இன் முகப்பே 1933இலும் புதியதாக இருந்தாக வேண்டும். ஆகவே ரேடியேட்டரும் பம்பரும் மாறாமல் இருந்ததற்கு அழகுணர்வோடு கிடங்கில் தேங்கிய சரக்கும் ஒரு காரணம். இதைச் சொல்வதால் காரின் பெருமை குறைந்துவிடாது. அத்தனை ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தும் அலுக்காத முகப்பு அது என்பதும் உண்மைதான்.

விளம்பரங்களிலும் அதே துணிச்சல் தெரிந்தது. ஒரு படகின் சுக்கானைப் பிடித்து நிற்கும் மனிதரையோ, மாளிகையின் பெரிய அறை ஒன்றில் அமர்ந்திருக்கும் மனிதரையோ வரைந்து, இவர் ஓட்டுவது டூசன்பர்க் என்ற பொருளில் ஒரே ஒரு வரியைக் கீழே அச்சிட்டார்கள். படத்தில் காரே இருக்காது. விலையோ குதிரைத்திறனோ ஓர் எண்ணும் இருக்காது.

தோற்றத்தில் புதுமை முழுவதையும் பாடிகள் சுமந்தன. 1929இல், 25 வயதில், நிறுவனத்தின் பாடி வடிவமைப்பாளராகச் சேர்ந்த கார்டன் பியூரிக் இதில் முதன்மையானவர். மாடல் ஜே பாடிகளில் ஏறக்குறைய பாதி நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பில் உருவானவை. அவற்றை வெளியே பல பட்டறைகள் கட்டின. சிலவற்றுக்கு லாகிராண்ட் என்ற பிரெஞ்சு மணம் வீசும் பெயரை இட்டார்கள். அப்படியொரு பட்டறையே கிடையாது. நிறுவனத்தின் வடிவமைப்புக்கு இண்டியானாவிலேயே கட்டப்பட்ட பாடிகளுக்குச் சூட்டிய வணிகப் பெயர் அது. பியூரிக் வரைந்து ரோல்ஸ்டன் பட்டறை கட்டிய ஒரு செடான் கார் 1933இல் சிகாகோவில் நடந்த நூற்றாண்டு முன்னேற்றக் கண்காட்சியில் வெள்ளி நிறத்தில் நின்றது. விலை 20,000 டாலர். அந்த விலையே அதன் பெயராகி, இன்றும் அது ட்வென்டி கிராண்ட் என்றே அறியப்படுகிறது. நாட்டில் வங்கிகள் மூடிக் கிடந்த அதே ஆண்டில் இப்படி ஒரு காரைக் காட்சிக்கு வைத்தார்கள். அது இப்போது கலிஃபோர்னியாவின் நெதர்கட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எஞ்சினில் நிகழ்ந்த ஒரே பெரிய மாற்றம் 1932இல் வந்த சூப்பர்சார்ஜர். அது பொருத்திய கார்களைப் பொதுவாக எஸ்ஜே என்று அழைக்கிறோம். கிராங்க் ஷாஃப்டைவிடப் பன்மடங்கு வேகத்தில் சுழலும் ஒரு விசிறி, காற்றையும் எரிபொருளையும் அழுத்தத்தோடு சிலிண்டருக்குள் தள்ளும். திறன் 320 குதிரைத்திறனாக உயர்ந்தது. கூடுதல் விசையைத் தாங்க பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடுகளை எடுத்துவிட்டுக் குழல் வடிவ எஃகு ராடுகளைப் பொருத்தினார்கள். சூப்பர்சார்ஜருக்கு உள்ளே இடம் விடவேண்டியிருந்ததால் புகைக்குழாய்களைப் பானெட்டின் பக்கவாட்டிலிருந்து வெளியே வளைத்து எடுத்தார்கள். மினுமினுக்கும் அந்தக் குழாய்களின் கவர்ச்சியால், சூப்பர்சார்ஜர் இல்லாத கார்களுக்கும் அதேபோன்ற குழாய்களைப் பலர் பூட்டிக்கொண்டனர். எனவே வெளியே குழாய் தெரிகிறது என்பதற்காக ஒரு காரை எஸ்ஜே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொழிற்சாலையில் தொடக்கத்திலிருந்தே எஸ்ஜேயாகச் செய்யப்பட்டவை 36 மட்டுமே.

அதே ஆண்டில் ஃபிரெட் இறந்தார். 1932 ஜூலை 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் மலைப்பாதையில் எஸ்ஜே ஒன்றை ஓட்டிச் சென்றபோது விபத்து நேர்ந்தது. காயத்திலிருந்து தேறிவருவதாகத் தோன்றிய நிலையில் நிமோனியா கண்டு ஜூலை 26இல் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 55. மாடல் ஜேக்குப் பின் வரவேண்டிய புதிய கார் ஒன்றை வடிவமைக்க வேறு யாராலும் இயலவில்லை. பணமும் இல்லை, வடிவமைக்க வேண்டியவரும் இல்லை, கிடங்கிலோ எஞ்சின்கள் மீதம் இருந்தன. 1928இன் எஞ்சின் 1937 வரை நீடித்ததற்கு இந்த மூன்றும் சேர்ந்த சூழ்நிலையே காரணம்.

ஆனாலும் அந்தப் பழைய எஞ்சினில் இன்னும் வலு மிச்சம் இருந்தது. ஆகஸ்ட் டூசன்பர்க் இரட்டைக் கார்புரேட்டர் அமைப்பு ஒன்றை உருவாக்கிச் சூப்பர்சார்ஜரோடு இணைத்தபோது திறன் 400 குதிரைத்திறனை நெருங்கியது. 1935இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் ஏப் ஜென்கின்ஸ் இத்தகைய எஞ்சின் பூட்டிய டூசன்பர்க் ஸ்பெஷல் காரை 24 மணி நேரம் ஓட்டி, மணிக்கு 135.47 மைல் சராசரி வேகம் கண்டார். ஒரு மணி நேரச் சராசரி 152 மைலைத் தாண்டியது. வரைபலகையை விட்டு இறங்கி ஏழு ஆண்டுகள் ஆன எஞ்சின் அது. அந்தக் காரில் பிறகு விமான எஞ்சின் ஒன்றையும் பூட்டி ஓட்டினார்கள். மோர்மன் மீட்டியர் என்ற பெயரில் அது புகழ்பெற்றது. அதே 1935இல் 125 அங்குலமாகக் குறுக்கிய சேசிஸில் எஸ்எஸ்ஜே என்று பின்னாளில் பெயர் பெற்ற இரண்டே இரண்டு கார்கள் செய்யப்பட்டன. ஒன்று நடிகர் கேரி கூப்பரிடமும் மற்றொன்று கிளார்க் கேபிளிடமும் சென்றன. திரை நட்சத்திரங்கள் ஓட்டினால் விளம்பரமாகும் என்ற எண்ணமே அதன் பின்னணி. கூப்பர் வைத்திருந்த கார் 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஏலத்தில் 2.2 கோடி டாலருக்கு விற்றது. அதுவரை ஏலத்தில் எந்த அமெரிக்கக் காருக்கும் கிடைக்காத விலை அது.

இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. இந்தூர் மன்னர் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் சூப்பர்சார்ஜர் பூட்டிய சேசிஸ் ஒன்றை வாங்கி, லண்டனின் கர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டச் செய்தார். எழுவர் அமரும் கார்களுக்கென்று இருந்த 153.5 அங்குல நீளச் சேசிஸில் இருவர் மட்டுமே அமரும் திறந்த கார். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த வண்ணம். நீண்ட பானெட்டும் அதற்குப் பின்னே சரிந்து இறங்கும் வால்பகுதியுமாக, ஐரோப்பாவில் பாடி கட்டிய டூசன்பர்க்குகளில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஆண்டுக் கேள்விக்கு நேரடியான விடை. ஒவ்வொரு மாடல் ஜேக்கும் மூன்று காலங்கள் உண்டு: எஞ்சினும் சேசிஸும் செய்யப்பட்ட காலம், பாடி கட்டப்பட்ட காலம், வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்ட காலம். வழக்கமான காரில் இவை மூன்றும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். இங்கே இடையில் ஆண்டுகள் கடந்திருக்கலாம். அதனால்தான் இந்தக் கார்களை நன்கறிந்தவர்கள் ஆண்டைச் சொல்லாமல் எஞ்சின் எண்ணைச் சொல்கிறார்கள். எண்கள் ஜே-101இல் தொடங்கி 580களில் முடிகின்றன. ஆனால் எண் வரிசையும் விற்பனை வரிசையும் ஒன்றல்ல. கூப்பரின் 1935ஆம் ஆண்டுக் காரில் இருப்பது ஜே-563. கடைசியாக முடிக்கப்பட்ட டூசன்பர்க்காகக் கருதப்படும் காரிலோ ஜே-397 இருக்கிறது.

அந்தக் கடைசிக் காரின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஜெர்மன் ஓவியர் ருடால்ஃப் பவர் தம் ஓவியங்களை அமெரிக்கச் செல்வர் சாலமன் குகன்ஹைமுக்கு விற்று வசதியாக வாழ்ந்தவர். நிறுவனம் மூடும் தறுவாயில் நீளமான சேசிஸ் ஒன்றை வாங்கி, பாடியை ஜெர்மனியிலேயே தம் வரைபடத்தின்படி கட்டிக்கொள்ள எண்ணினார். 1938இல் நாஜிக் காவல்துறை அவரைக் கைது செய்தது. அவருடைய ஓவியங்கள் அந்த ஆட்சியால் இழிந்த கலை என்று ஒதுக்கப்பட்ட வகையைச் சேர்ந்தவை. விடுதலையாகி 1939இல் அமெரிக்கா வந்து சேர்ந்தபின், நியூயார்க்கில் ரோல்ஸ்டன் பட்டறையின் வாரிசாக இயங்கிய ரோல்சன் பட்டறையில் பாடி கட்டச் செய்தார். 1940இல் கார் முடிந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், கோர்டு தம் பங்குகளை விற்றுவிட்டு விலகியிருந்தார். இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை கனரக வண்டிகள் செய்யும் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. இந்தக் காரை எந்த ஆண்டுக் கார் என்று எழுதுவது? எஞ்சின் எண்ணைப் பார்த்தால் ஒரு விடை, சேசிஸ் விற்ற நாளைப் பார்த்தால் இன்னொரு விடை, ஓவியர் சாவியை வாங்கிய நாளைப் பார்த்தால் மூன்றாவது விடை.

இதோடு பின்னாளில் நடந்த மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1930களிலேயே பழைய பாடியைக் கழற்றிப் புதிய பாணியில் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. நிறுவனத்தின் கிளைகளே பழைய கார்களை மாற்றுக்கு வாங்கி, சீர்செய்து, வேறு பாடி ஏற்றி மறுபடி விற்றன. போருக்குப் பின் இந்தக் கார்கள் சில நூறு டாலருக்கே கைமாறிய காலத்தில், ஒன்றின் எஞ்சின் மற்றொன்றுக்குப் போவதும், செடான் பாடியை எறிந்துவிட்டுத் திறந்த பாடி ஏற்றுவதும் வழக்கமாக இருந்தன. ஆகவே ஒரு மாடல் ஜேயைப் பற்றிப் படிக்கும்போது தலைப்பில் உள்ள ஆண்டைக் கடந்து நான்கு விவரங்களைத் தேடுங்கள்: எஞ்சின் எண், சேசிஸ் எண், பாடி கட்டிய பட்டறை, முதலில் ஒப்படைத்த நாள். எஞ்சினுக்கும் பயணியறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொறித்த சிறு பட்டை இருக்கும். அதிலுள்ள எஞ்சின் எண், எஞ்சின் மேலேயே பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 1952இல் தொடங்கிய ஆபர்ன் கோர்டு டூசன்பர்க் சங்கம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் தரச்சான்று வழங்குகிறது. எஞ்சினும் சேசிஸும் பாடியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்த காருக்கும், மூன்றும் மூன்று இடங்களிலிருந்து வந்து சேர்ந்த காருக்கும் விலையில் பெரும் வேறுபாடு இருக்கும்.

தோற்றத்தை மட்டும் பார்த்துக் காலத்தை ஓரளவு ஊகிக்க உதவும் ஓர் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1935இல் ஜேஎன் என்ற பெயரில் பத்துக் கார்கள் வந்தன. பழைய 19 அங்குலச் சக்கரங்களுக்குப் பதிலாக 17 அங்குலச் சக்கரங்கள், சேசிஸின் மேல் இன்னும் தாழ்வாக உட்கார்ந்த ரோல்ஸ்டன் பாடி, உருண்டு வழியும் மட்கார்டுகள் என்று அவற்றில் காலத்தின் சாயல் சற்றே தெரியும். அவற்றிலும் பானெட்டைத் திறந்தால் அதே பச்சை எஞ்சின்தான் இருக்கும். நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு, இண்டியானாவின் ஆபர்ன் நகரில் 1930இல் ஆபர்ன் நிறுவனம் கட்டிய தலைமை அலுவலகக் கட்டடமே இன்று அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதன் கீழ்த்தளக் காட்சிக்கூடத்தில் மாடல் ஜே கார்கள் பலவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.